நாற்பது பேர் முன்னால் கேட்டேன், விடைத்தாளைக் கிழித்துவிட்டான்

சாக்பீஸ்_மிஸ் எழுதியது:

9ஆம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் நடந்த ஒன்று இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் படிக்கிற பையன் ஒருவன் 50க்கு 11 வாங்கியிருந்தான். "உன்கிட்ட இதை எதிர்பார்க்கவே இல்லை, என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டேன். கோபத்தில் இல்லை, அக்கறையில்தான். பின்னால் இருந்து யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான். தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். "மார்க் வாங்கி என்ன பண்ணப்போறேன்" என்றான். பாதி வகுப்பு கைதட்டியது. வெளியே போகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனான்.

மதியம் ஆய்வகத்தில் தனியாகப் பார்த்தேன். காலையில் பார்த்த பையன்தானா இவன் என்று இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "சாரி மிஸ், அவங்க சிரிச்சதும் என்ன பண்றதுன்னு தெரியல" என்றான். எந்தக் கேள்வியை எப்படித் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று அவனே வரிசையாகச் சொன்னான். நான் சொல்லிக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

மூன்று மணி நேர இடைவெளியில் ஒரே பையன் எப்படி இரண்டு ஆளாக இருக்கிறான்? ஆசிரியர் பயிற்சியில் "வளரிளம் பருவ வளர்ச்சி" என்று ஒரு தாள் இருந்தது. படித்தேன், எழுதினேன், தேறினேன். வகுப்பில் நிற்கும்போது அதில் ஒரு வரிகூடக் கைகொடுக்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய_தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, 31 வருடம் இந்த வேலையில் இருந்தேன். இதெல்லாம் எந்தக் காலத்திலும் உண்டு. இரண்டும் கெட்டான் வயது. குழந்தை என்று கொஞ்சவும் முடியாது, பெரியவன் என்று விடவும் முடியாது. இளங்கன்று பயமறியாது என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை.

இப்போது எதற்கெடுத்தாலும் "மூளை இன்னும் வளரவில்லை" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மூளை வளராதவன் எப்படி ஆய்வகத்தில் அத்தனை தெளிவாகப் பேசினான்? அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கிழித்தான். தாளைக் கிழித்ததற்கு ஒரு விளைவு இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு இன்னும் நாலு பேர் கிழிப்பார்கள்.

நரம்பும்_நானும் எழுதியது:

உளவியல் ஆராய்ச்சி மாணவன் நான். ஐயா கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது: மூளை வளராதவன் எப்படி ஆய்வகத்தில் தெளிவாகப் பேசினான்?

2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். 306 பேர், மூன்று வயதுக் குழுக்கள்: 13 முதல் 16, 18 முதல் 22, 24க்கு மேல். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் புள்ளி ஏறும், ஆனால் எந்த நொடியிலும் மோதலாம். பாதிப் பேரைத் தனியாக ஆடவிட்டார்கள். மீதிப் பேரைச் சம வயதுக்காரர்கள் இருவரை அருகில் வைத்துக்கொண்டு ஆடவிட்டார்கள். பக்கத்தில் ஆள் இருந்தபோது 13 முதல் 16 வயதுக்காரர்களின் துணிச்சல் ஏறத்தாழ இரண்டு மடங்காக எகிறியது. நடுக்குழுவில் பாதியளவு கூடியது. 24க்கு மேற்பட்டவர்களிடம் மாற்றமே இல்லை. பிறகு 2011இல் இதே மாதிரியான ஒரு கார் விளையாட்டை மூளை ஸ்கேனுக்குள் வைத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும், பதின்ம வயதினரின் மூளையில் வெகுமதிக்குத் துடிக்கிற பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன.

ஆகவே இளங்கன்றுக்குப் பயம் தெரியும். கேட்டுப்பார்த்தால் ஆபத்தைப் பெரியவர்கள் அளவுக்குச் சரியாகவே மதிப்பிடுகிறது, சில விஷயங்களில் கூடுதலாகக்கூட. பதற்றமில்லாமல், அவசரமில்லாமல் யோசிக்கிற வேலையில் 16 வயது வாக்கிலேயே பெரியவர்களுக்குச் சமமாக வந்துவிடுகிறார்கள். உணர்ச்சி கொதிக்கும்போது, அதுவும் சம வயதுக் கண்கள் பார்க்கும்போது, தன்னைக் கட்டுப்படுத்துகிற திறன்தான் அதற்குப் பிறகும் பல வருடம் எடுத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் மிஸ் பார்த்தது ஆறிய மூளை. வகுப்பில் பார்த்தது கொதித்த மூளை. இரண்டுமே அந்தப் பையன்தான், ஒன்று வேஷம் இன்னொன்று நிஜம் என்று இல்லை.

டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967இல் "கற்பனைப் பார்வையாளர்கள்" என்று ஒன்றைச் சொன்னார். ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக இந்த வயதுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்களாம். உங்கள் பையனுக்கு அந்தக் கற்பனைச் சிரமமே இல்லை. நாற்பது பேர் நிஜமாகவே உட்கார்ந்திருந்தார்கள்.

இருவருக்கு_அம்மா எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. ஆனால் கேட்க ஒன்று இருக்கிறது. என் மூத்தவளுக்கு 11 வயது. சீக்கிரம் வயதுக்கு வந்துவிட்டாள், வகுப்பிலேயே உயரம். பார்க்கிறவர்கள் எல்லாரும் 15 வயதுப் பெண்ணிடம் பேசுவதுபோல் பேசுகிறார்கள். "இவ்வளவு வளர்ந்துட்டு இப்படி அழலாமா?" என்று ஒரு ஆசிரியை கேட்டாராம். அவள் உள்ளுக்குள் இன்னும் குழந்தைதான். இரவு பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவள்.

இன்னொன்று: மூளை 25 வயதில்தான் முழுமையடையும் என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்களே, அப்படியானால் அதுவரை எதுவும் சொல்லிப் பயனில்லையா?

நரம்பும்_நானும் எழுதியது:

அக்கா, 25 என்பது ஒரு கதவு இல்லை. ஜே கீட் குழுவினர் ஒரே பிள்ளைகளை வருடக்கணக்கில் எம்ஆர்ஐ எடுத்துத் தொடர்ந்து 1999இல் வெளியிட்ட முடிவு பெரிதாகப் பேசப்பட்டது. அதன்படி மூளையின் சாம்பல்நிறப் பகுதி, பருவமடையும் காலம் வரை பெருகி அதன்பின் குறைகிறது. குறைவது கெடுதல் இல்லை. வயலில் பயிர் கலைப்பது மாதிரி, புழங்காத இணைப்புகள் கழிக்கப்படுகின்றன, புழங்குகிறவை உறைபோர்த்தி வேகமாகின்றன. திட்டமிடுவது, பொறுப்பது, அடக்குவது ஆகியவற்றுக்கான முன்பகுதி கடைசியில் சீராகிறது, இருபதுகளின் நடுவரைக்கும் போகிறது. எந்தப் பிறந்தநாளிலும் அது "முடிவதில்லை". முடியும்வரை சொல்லிப் பயனில்லை என்பது தலைகீழான முடிவு. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்களோ அது தங்குகிற காலம் இது.

உங்கள் பெண் விஷயம் ரொம்ப முக்கியம். பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 8இலிருந்து 13க்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், ஆண் பிள்ளைகளுக்கு 9இலிருந்து 14க்குள். அப்படியென்றால் ஒரே வகுப்பில் நாலைந்து வருட வித்தியாசமுள்ள உடம்புகள் உட்கார்ந்திருக்கின்றன. உயரத்தைப் பார்த்து மன வயதைக் கணிப்பது பெரியவர்கள் செய்கிற பிழை. சீக்கிரம் பருவமடைகிற பெண்களுக்கு மனச்சோர்வு வாய்ப்பு சற்று அதிகம் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. காரணத்தில் ஒரு பங்கு நம் எதிர்பார்ப்பும்தான் என்பது என் எண்ணம். அந்த ஆசிரியையிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

தத்துவம் சரி. நாளைக்கு முதல் பீரியடில் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

விடைத்தாளை எப்போதும் மடித்து, மார்க் உள்ளே இருக்கும்படி கொடுக்கிறேன். பெயரோடு மார்க்கைப் படிப்பதை நிறுத்திப் பத்து வருடம் ஆகிறது. அப்புறம், முதல் நாள் மார்க் போடாமல் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, திருத்தி எழுதிய பிறகு மார்க் தருகிறேன். ரூத் பட்லர் 1988இல் இதைச் சோதித்தார். 11, 12 வயதுப் பிள்ளைகளில் குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள், மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். எண்ணைப் பார்த்ததும் எழுத்து கண்ணில் படுவதில்லை. பக்கத்து ஆளின் எண்தான் அடுத்து கண்ணில் படுகிறது.

"நீ எழுந்து சொல்" என்பதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். முதலில் தாளில் தனியாக, பிறகு பக்கத்து ஆளோடு, பிறகுதான் வகுப்புக்கு. தவறான விடை அப்போது "எங்க ரெண்டு பேர் விடை" ஆகிவிடுகிறது. தலை தொங்குவதில்லை. கரும்பலகைக்குக் கூப்பிடுவதில் எனக்குப் பெரிய ஆசை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். தெரியாதவனை அங்கே நிறுத்திவைத்து "யோசி, யோசி" என்பேன். ஒருவனும் யோசித்ததில்லை. மணி எப்போது அடிக்கும் என்றுதான் யோசித்திருப்பான்.

8 கணக்கு கொடுத்து ஏதேனும் 5 போடச் சொல்கிறேன். எதை விடுவது என்று அவர்களே முடிவு செய்வதற்காகவே எட்டையும் படித்துப் பார்க்கிறார்கள். பல பேர் 6 போட்டுவிடுகிறார்கள். "8ஐயும் போடு" என்றால் 3தான் வரும்.

வகுப்பில் யாராவது முறுக்கிக்கொண்டால் அங்கேயே பஞ்சாயத்து வைப்பதில்லை. பக்கத்தில் போய், குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், "மணி அடிச்சதும் ரெண்டு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நகர்வதுதான் முக்கியம். பதிலுக்காக நின்றால் அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும், சபை பார்க்கிறதே.

பழைய_தலைமையாசிரியர் எழுதியது:

வாத்தியார் சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. தாளைக் கிழித்தானே, அதற்கு என்ன? புரிந்துகொள்கிறேன் என்று கிளம்பி, எல்லைக் கோட்டையே அழித்துவிடாதீர்கள். கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த வயது முட்டிப் பார்க்கிறது. முட்டுகிற இடத்தில் சுவர் இல்லையென்றால் விழுவது அவன்தான்.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. விளைவு வேண்டும், மேடை வேண்டாம். அவன் அந்தத் தேர்வை மறுபடி எழுதட்டும், பள்ளி முடிந்த பிறகு, அவனுடைய நேரத்தில். அது தண்டனையும்தான், படிப்பும்தான். எழுதி முடிக்கும்போது கைதட்ட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

கடைசி_பெஞ்சு எழுதியது:

எனக்கு இப்போது 27. அந்தக் கைதட்டலை நிறைய வாங்கியவன் என்பதால் எழுதுகிறேன்.

படிப்பில் நான் சுமார். முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு மார்க் இருந்தது, விளையாடுகிறவர்களுக்குக் கோப்பை இருந்தது. எனக்கு வாய் மட்டும் இருந்தது. ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் பதிலுக்கு ஒன்று போட்டு முழு வகுப்பையும் சிரிக்க வைத்தால், அன்றைக்கு நான் ஒரு ஆள். வெளியே நிற்க வைத்தால் இன்னும் பெரிய ஆள். தண்டனை கொடுத்தவர்கள் எல்லாம் எனக்குப் பதக்கம் குத்திவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

10ஆம் வகுப்பில் இயற்பியல் எடுத்த ஒரு மேடம், நான் என்ன சொன்னாலும் சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டார். "நீ பேசினா எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு அந்தத் திறமை இல்லை. 7ஆம் வகுப்புக்கு மின்சுற்று செய்முறை காட்டணும், நீ வந்து பேசறியா?" என்றார். கேலி செய்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன், அந்தப் பொடியன்கள் முன்னால் கேவலப்படக் கூடாதே என்று. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு எல்லாம் அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

பார்வையாளர்களை விலக்கச் சொல்கிறீர்கள், சரிதான். ஆனால் சிலருக்குப் பார்வையாளர்களை மாற்றிக் கொடுத்தால் போதும்.

நரம்பும்_நானும் எழுதியது:

தம்பி சொன்னது ஆய்விலும் உண்டு. பொதுநலனுக்காகக் காசு போடுகிற ஒரு விளையாட்டில், சம வயதினர் பாராட்டினால் பதின்ம வயதினர் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதே இழுவிசைதான், திசை வேறு.

மதிப்பு, மானம் என்பது இந்த வயதில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொன்று. 8ஆம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு, 2016இல் வெளிவந்தது. "சத்தான உணவு உடம்புக்கு நல்லது" என்று சொன்னது அவ்வளவாக எடுபடவில்லை. "நொறுக்குத்தீனி விற்கிற பெரிய நிறுவனங்கள் உங்களை ஏமாற்றுகின்றன, மாட்டேன் என்பதே எதிர்ப்பு" என்று சொன்னபோது, மறுநாள் சத்தானதைத் தேர்ந்தவர்கள் அதிகமானார்கள்.

குறிப்பு எழுதுவது பற்றி வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். டேவிட் யேகர் குழு 2014இல் வெளியிட்டது. 7ஆம் வகுப்புக் கட்டுரைகளில் விமர்சனம் எழுதி, சிலருடைய தாளில் மட்டும் கூடவே ஒரு வரி வைத்தார்கள்: உங்களிடம் உயர்ந்த எதிர்பார்ப்பு இருக்கிறது, உங்களால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இந்தக் குறிப்புகள். பள்ளிமேல் நம்பிக்கை குறைந்திருந்த கறுப்பின மாணவர்களிடம்தான் அந்த வரி பெரிதாக வேலை செய்தது, திருத்தி எழுதிக் கொடுத்தார்கள். மிஸ், நீங்கள் சொன்ன "உன்கிட்ட எதிர்பார்க்கவே இல்லை" என்பதும் கிட்டத்தட்ட இதே செய்திதான். நாற்பது பேர் முன்னால் வாயால் சொன்னதில் பொருள் மாறிப்போனது.

முதல்_பீரியட்_தூக்கம் எழுதியது:

கொஞ்சம் விலகிக் கேட்கிறேன். முதல் பீரியடில் 11ஆம் வகுப்பு மொத்தமும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறது. சோம்பேறித்தனம் என்று திட்டுவதா, இதற்கும் மூளையைக் காரணம் சொல்வதா?

நரம்பும்_நானும் எழுதியது:

இதற்கு உடம்பையே காரணம் சொல்லலாம். பருவமடையும்போது தூக்கத்தைக் கூட்டிவருகிற மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவைப்படுகிற வயதில், பலருக்கு 11 மணிக்கு முன் தூக்கம் வருவதே கஷ்டம். காலையில் எழுப்புவது நமக்கு நடுராத்திரியில் எழுப்புவது மாதிரி. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பு 2014இல் இந்த வயதினரின் பள்ளிகளைக் காலை 8:30க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. சியாட்டில் நகரில் 2016இல் 7:50ஐ 8:45க்கு மாற்றினார்கள். பிள்ளைகள் கூடுதல் நேரத்தை அரட்டையில் கழிப்பார்கள் என்ற பயம் பொய்த்தது, சராசரியாக 34 நிமிடம் அதிகம் தூங்கினார்கள்.

பழைய_தலைமையாசிரியர் எழுதியது:

போனை வாங்கி வைத்தால் 10 மணிக்கே தூங்குவார்கள்.

நரம்பும்_நானும் எழுதியது:

போன் இன்னும் கெடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தாமதத்தை மேரி கார்ஸ்கடன் என்ற தூக்க ஆய்வாளர் 1993இலேயே காட்டிவிட்டார், ஐயா. அப்போது எந்தப் பிள்ளையின் கையிலும் போன் இல்லை. மணியை மாற்றுவது ஆசிரியர் கையில் இல்லை, சரி. கடினமான தேர்வை முதல் பீரியடில் வைக்காமல் இருப்பது கையில் இருக்கிறது.

நூலக_மூலை எழுதியது:

"புயல் வயது" என்று நாமெல்லாம் சாதாரணமாகச் சொல்வதற்கு ஒரு பிறந்த தேதி உண்டு. ஸ்டான்லி ஹால் என்ற உளவியலாளர் 1904இல் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதி இந்தப் பருவமே புயலும் அலைக்கழிப்பும் என்றார். 1928இல் மானிடவியலாளர் மார்கரெட் மீட், சமோவாத் தீவுகளில் அப்படி ஒரு புயலும் இல்லை என்றார். 1983இல் இன்னொரு மானிடவியலாளர் டெரெக் ஃப்ரீமன், மீட் பார்த்ததே தவறு என்றார். அந்தச் சண்டை இருக்கட்டும். பிற்கால ஆய்வுகளில் பெரும்பாலான பிள்ளைகள் பெரிய கொந்தளிப்பு எதுவும் இல்லாமலேயே இந்த வயதைக் கடக்கிறார்கள் என்றுதான் தெரிகிறது. புயலை எதிர்பார்த்து வகுப்புக்குள் போனால், சாதாரணக் காற்றும் புயலாகத்தான் தெரியும்.

மொழிப்பாடம் எழுதியது:

இத்தனை பதிலிலும் கிழித்த பையனைப் பற்றித்தான் பேசுகிறோம். அவன் கண்ணுக்குத் தெரிகிறான். எனக்கு நினைவில் நிற்பது சத்தமே போடாத ஒரு பெண். மூன்று மாதத்தில் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனது. இடைவேளையில் தனியாக உட்கார ஆரம்பித்தாள். தொந்தரவு இல்லாத பிள்ளை என்று அவளை நான் பாராட்டிக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் வரக்கூடிய மனநலப் பிரச்சினைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். நல்லவேளை, அவளுடைய சிநேகிதி வந்து என்னிடம் சொன்னாள். மருத்துவ உதவி கிடைத்தது, இப்போது நன்றாக இருக்கிறாள். அந்தச் சிநேகிதிக்கு 14 வயது. எனக்கு 41.

பழைய_தலைமையாசிரியர் எழுதியது:

இதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. காலைக் கூட்டத்தில் ஒரு பையனை மேடையேற்றி, முடி வெட்டாததற்குக் கண்டித்தேன். நல்ல கூட்டம், எனக்கும் பேச்சு வந்தது. மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பேசி, அவன் திரும்ப வர இரண்டு வாரம் ஆனது. வேடிக்கை என்னவென்றால், முடியை மட்டும் அதே வாரமே வெட்டிவிட்டான். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று எல்லாப் பெற்றோர் கூட்டத்திலும் பேசியிருக்கிறேன்.

விளைவு வேண்டும் என்பதில் மாற்றமில்லை. வாத்தியார் சொன்ன மாதிரிச் செய்யுங்கள் அம்மா.

சாக்பீஸ்_மிஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதினைந்து நாள் ஆனதால் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பையனைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் கேட்டது என் தப்பு, தாளைக் கிழித்தது உன் தப்பு என்றேன். மறுதேர்வுக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தான். 34 வாங்கினான். அதற்காக ஒரேயடியாக மாறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். வகுப்பில் இன்னும் வாயடிக்கிறான். குனிந்து மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்கிற வித்தை பாதி நாள் பலிக்கிறது. மீதி நாள் நான் நகர மறந்துவிடுகிறேன்.

மார்க் இல்லாமல் குறிப்பு மட்டும் கொடுத்தபோது வகுப்பே சண்டைக்கு வந்தது. "மார்க் எங்க மிஸ்?" என்று ஒரு பீரியட் போய்விட்டது. இரண்டாம் முறை கொஞ்சம் பரவாயில்லை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கிழித்த தாள் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அன்று பின்னால் இருந்து முதலில் சிரித்தவன்தான் கூடையிலிருந்து நாலு துண்டையும் பொறுக்கி, ஒட்டி, தன் நோட்டுக்குள் வைத்திருந்திருக்கிறான். எதற்கு என்று கேட்டதற்கு, "அப்புறம் கேப்பான்னு நினைச்சேன் மிஸ்" என்றான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பின்பக்கத்தில் இருந்த 2 மார்க்கைக் கூட்டாமல் விட்டிருக்கிறேன். 11 இல்லை, 13.

கடைசி_பெஞ்சு எழுதியது:

மிஸ், அதை அவனிடம் தனியாகச் சொன்னீர்களா, எல்லார் முன்னாலும் சொன்னீர்களா?

சாக்பீஸ்_மிஸ் எழுதியது:

மார்க்கை அவனிடம் தனியாகச் சொன்னேன். எனக்குக் கூட்டல் வரவில்லை என்பதை எல்லார் முன்னாலும் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள்.